மூடியபின் யார் காண்பார்?

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர்கள் ஓட்டிய ஷெர்மன் டாங்கியின் மாதிரி ஒன்றை மேஜைமேல் வைத்துக்கொண்டு, அதன் வயிற்றுக்குள் கம்பளிச் சுருள்களையும் தண்ணீர்க் குப்பிகளையும் உணவுப் பெட்டிகளையும் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தபோது, பார்க்க வந்த நண்பர் ஒருவர், “மேல்தட்டை ஒட்டிவிட்ட பிறகு இதையெல்லாம் யார் சார் பார்க்கப் போகிறார்கள்?” என்று கேட்டார். அவர் பரிகாசமாகக் கேட்கவில்லை. மெய்யான ஐயத்தோடுதான் கேட்டார். அதனாலேயே எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை.

அசலை 35-இல் ஒரு பங்காகச் சுருக்கும் 1/35 என்ற இந்த மாதிரியின் அளவுக்குச் சாஸ்திரப் பிரமாணம் ஏதும் கிடையாது. ஜப்பானில் ஷிஸுவோகா நகரத்துத் தமியா நிறுவனத்தார் 1960களின் தொடக்கத்தில் ஜெர்மானியரின் பாந்தர் டாங்கியின் மாதிரியைச் செய்தபோது, உள்ளே மோட்டாரும் பாட்டரிகளும் அடங்க வேண்டும் என்பதற்காக வைத்துக்கொண்ட அளவே பிற்பாடு உலகமெங்கும் வழக்காயிற்று. அன்று பாட்டரி கிடந்த வயிற்றில்தான் இன்று நாம் மனிதர்களின் உடைமைகளை வைக்கிறோம். இந்த அளவில், 75 மில்லிமீட்டர் பீரங்கியின் குண்டு 2 மில்லிமீட்டர் பருமனுள்ள குச்சியாகச் சுருங்கிவிடுகிறது. மெல்லிய காகிதத்தை நீர்த்த பசையில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் இடுக்கியால் சுருட்டி, காகிதக் கீற்றினால் வார் கட்டினால், அது கம்பளிச் சுருளாகிறது. வாரின் நுனி சற்றே தொங்க வேண்டும். விறைத்து நின்றால் கம்பளி கல்லாகிவிடும். இத்தனை பிரயாசையும் ஒரு மூடிக்குக் கீழே, இருளில் போய்விடுகிறது.

இவ்விதம் இருளுக்கென்றே மாதிரிகள் செய்தவர்கள் நமக்கு முன்னும் இருந்திருக்கிறார்கள். எகிப்தில், தீப்ஸ் நகருக்கு எதிரேயுள்ள மலைச்சரிவில், சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மேகேத்ரே என்னும் அதிகாரியின் கல்லறையை 1920-இல் வின்லாக் என்ற ஆராய்ச்சியாளர் துப்புரவு செய்தபோது, சிறிய அறையொன்றில் மரத்தாலான மாதிரிகள் வைத்தது வைத்தபடி கிடைத்தன. மாட்டுக்கொட்டிலும் ரொட்டி சுடும் இடமும் படகுகளும் அவற்றுள் இருந்தன. பிரயாணப் படகொன்றின் அறைக்குள் ஒரு கட்டில். கட்டிலின் அருகே ஒரு பணியாள். கட்டிலுக்கு அடியில் இரண்டு சின்னஞ்சிறு பெட்டிகள்! அறையை அடைத்து மூடிவிடப் போகிறார்கள் என்று தெரிந்தேதான் அந்தத் தச்சன் அந்த இரண்டு பெட்டிகளையும் செதுக்கியிருக்கிறான். இறந்தவர் மறுமையில் அவற்றை உபயோகிப்பார் என்ற நம்பிக்கை அவனுக்கு இருந்தது. நமக்கோ அந்த நம்பிக்கை இல்லை. ஆகவே அவனுடைய விடையை அப்படியே எடுத்துக்கொள்ள நமக்கு உரிமையும் இல்லை.

யாரும் காணாவிடினும் பகவான் காண்கிறான் என்று சொல்லலாம். வேதாந்திகளின் வழியில், உள்ளே சாக்ஷியாக ஒன்று எப்போதும் விழித்திருக்கிறது என்றும் சொல்லலாம். இரண்டையும் நான் நம்புகிறேன். ஆனால் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தால், பகவான் பார்க்கிறான் என்று சொல்லிக்கொண்டு செய்கிற காரியத்திலும், பார்க்கப்பட வேண்டும் என்ற ஆசை ஒளிந்துகொண்டுதான் இருக்கிறது. கேள்வியே வேறாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. யார் பார்ப்பார் என்பதை விட்டுவிட்டு, இது யாருக்கு நாம் பட்டிருக்கும் கடன் என்று கேட்டால் வழி புலப்படுகிறது.

ஷெர்மனில் ஐந்து பேர் இருந்தார்கள்: தலைவன், பீரங்கி சுடுபவன், குண்டு நிரப்புபவன், ஓட்டுபவன், அவனுக்குத் துணைவன். முற்பட்ட வண்டிகளில் சுமார் 90 குண்டுகள் இருந்தன. அவற்றில் பெரும்பகுதி, சக்கரச் சங்கிலிக்கு மேலே, பக்கச் சுவர்களை ஒட்டிய அறைகளில் வைக்கப்பட்டிருந்தது. எதிரியின் குண்டு துளைத்த இடம் பெரும்பாலும் அதுவே ஆனபடியால், வண்டி தீப்பற்றிக்கொண்டது. 1944-இல் குண்டுகளைத் தரைமட்டத்துக்கு இறக்கி, சுற்றிலும் நீர்த் தொட்டிகளை அமைத்தார்கள். பழைய அமைப்பில், துளைக்கப்பட்ட டாங்கிகளில் 100-க்கு 60 முதல் 80 வரை எரிந்தன என்றும், புதிய அமைப்பில் 10 முதல் 15 வரையே எரிந்தன என்றும் அமெரிக்க ராணுவம் பின்னர் கணக்கிட்டது. ஆகவே இந்த 2 மில்லிமீட்டர் குச்சிகளை எங்கே வைப்பது என்பது அலங்கார விஷயம் அல்ல. ஐந்து ஜீவன்கள் பிழைத்ததும் மாண்டதும் அந்த இடத்தைப் பொறுத்திருந்தன. அதை மாற்றி வைப்பவன், தன்னை மறுத்துப் பேச முடியாதவர்களைக் குறித்துப் பொய் சொல்லுகிறான்.

நானும் அந்தப் பொய்யைச் சொன்னவனே. கைக்கு அழகாக வந்துவிட்டது என்ற ஆசையினால், பீரங்கிக் கோபுரத்தோடு சேர்ந்து சுழலும் கூடையின் ஓரத்தில் மூன்று கம்பளிச் சுருள்களையும் ஒரு தோள்பையையும் வைத்திருந்தேன். கோபுரம் திரும்பினால் சிக்கிக்கொள்ளும் இடத்தில், அங்கே உயிரை வைத்திருந்த எவனும் ஒரு துணியைக்கூட விட்டுவைத்திருக்க மாட்டான். அவர்களுடைய படுக்கைகள் பெரும்பாலும் வெளியே, பின்தளத்தின்மீது கட்டப்பட்டுக் கிடந்தன. நண்பர் போன பிறகு, கத்தியின் முனையால் அவற்றைப் பெயர்த்தெடுத்தேன். வெள்ளை வர்ணம் பூசிய உட்சுவரில் பசையின் தழும்பு நின்றுவிட்டது.

போரை விளையாட்டுப் பொருளாக்குகிறோம் என்ற குற்றச்சாட்டு ஒன்று உண்டு. அதை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். வெளிப்புறத்தை மட்டும் மெருகிட்டு நிறுத்திய டாங்கியைப் பார்த்து அதன் கம்பீரத்தில் சொக்கிப்போகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். அந்தச் சொக்குதல் ஆபத்தானது. ஆனால் உள்ளே ஒரு தண்ணீர்க் குப்பியை வைத்த மாத்திரத்தில், தாகமெடுக்கும் ஒருவன் அங்கே வந்து உட்கார்ந்துவிடுகிறான். காலை, மதியம், இரவு என்று மூன்று வேளைக்கு மூன்று சிறு அட்டைப் பெட்டிகளாக வந்த உணவை அவன் முழங்காலில் வைத்துக்கொண்டு தின்றான் என்பது நினைவுக்கு வந்தபின், அந்த இரும்பை வெறும் கம்பீரமாகக் காண மனம் துணிவதில்லை. என் அபிப்பிராயத்தில், நீத்தாருக்கு நாம் இடும் பிண்டத்துக்கும் இந்தக் குப்பிக்கும் அதிக தூரமில்லை.

சென்ற வெள்ளிக்கிழமை மேல்தட்டை ஒட்டினேன். இந்தக் கலையில் ஈடுபட்டிருக்கும் இளைஞர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு: கடையில் கிடைக்கும் மூட்டைகளையும் பெட்டிகளையும் வாங்கி நிரப்புவதற்கு முன்னால், அந்த வண்டிக்குள் இருந்தவர்கள் எழுதிவைத்துப்போன நினைவுக் குறிப்புகளில் ஒன்றையாவது படித்துவிட்டு, பிறகு பசைக் குப்பியைத் திறவுங்கள்.