பத்துப் புள்ளிகள்

பேராக்கின் இரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்த குடும்பங்கள் பல. அத்தகைய குடும்பத்துப் பிள்ளை பள்ளியைப் பாதியில் விடுத்து, ஈப்போவில் பகலெல்லாம் உழைத்து, இரவில் தானே படித்துத் தனித்தேர்வராக எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். எழுதுவது புதிதன்று. அரசுப் பள்ளி மாணவருக்கு இல்லாத தேர்வுக் கட்டணத்தையும் அவனே செலுத்துகிறான்.

அரசுப் பல்கலைக்கழகங்கள் மாணவர் தகுதியை நூறு புள்ளிகளாகக் கொண்டு, தொண்ணூற்றைத் தேர்வுக்கும் பத்தைப் புறப்பாட நடவடிக்கைக்கும் வகுத்துள்ளன. சாரணர் இயக்கமும் விளையாட்டும் மாணவரைப் பண்படுத்தும் என்பது மெய்யே. ஆயின் அப்பத்துக்குச் சான்று பள்ளிப் பதிவேடு. தொழிற்சாலையில் இரவுப்பணி பார்க்கும் தாய்க்குத் துணைநின்று, தம்பி தங்கையரைப் பேணியவனிடம் பொறுப்புணர்ச்சி இல்லையா? உண்டு, அதனை எழுதிவைக்க ஏடுதான் இல்லை.

1997-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய பி.டி.பி.டி.என். கடனுதவியோ, கல்விக்கூடத்தில் இடம் கிடைத்த பின்னரே கிட்டுவது. வாயில் அடைபட்டவனுக்கு அதனால் என்ன பயன்?

சலுகை தந்தால் தகுதி தாழும் என்பர் சிலர். அவன் கேட்பது சலுகையன்று. தொண்ணூற்றில் பிறரோடு சமமாக நின்றவனுக்கு, அளந்தே பாராத பத்தை இல்லையென்று கழிப்பதை எந்த அறத்தில் சேர்ப்பது? பணியிடத்து நற்சான்றையும் ஆலயத் தொண்டின் பதிவையும் ஆராய்ந்து ஏற்பது அரிய செயலன்று. படிவத்தில் இன்னும் இரண்டு வரிகள் வேண்டும், அவ்வளவே.