தந்தையை எங்கே வைப்பது?

"ஃபாதர், அப்பாவை ஹோம்ல சேர்த்தா பாவமா?"

ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்து நாம் திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்தபோது, அறை வாசலில் நின்றபடி ஒருவர் இப்படிக் கேட்டார். ஐம்பதை நெருங்கும் வயது. பல்லாவரத்தில் இருப்புப்பாதையை ஒட்டிய ஒரு தெருவில் குடியிருப்பவர். நன்றாகத் தூங்கி எத்தனையோ நாளானது என்று முகமே சொல்லிற்று. அந்தக் கேள்வியை அவர் வாயில் போட்டவர்கள் நாம்தாம் என்பது பிறகுதான் விளங்கியது. அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை. (அக்குடும்பத்தாரின் இசைவோடு, ஆளை அடையாளம் காட்டும் சில விவரங்களை மாற்றியே எழுதுகிறோம்.)

அவருடைய தந்தை தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர். மனைவியை இழந்த சில ஆண்டுகளில் மறதி தொடங்கிற்று. முதலில் சாவியும் மூக்குக்கண்ணாடியும் தொலைந்தன. பிறகு பேரப்பிள்ளைகளின் பெயர்கள். பிறகு மனைவி இறந்த செய்தியே தொலைந்தது. அவள் எங்கே என்று கேட்பார். இறந்துவிட்டாள் என்று சொன்னால், அப்போதுதான் கேள்விப்பட்டவர்போல் அழுவார். ஒரு நாளில் மூன்று முறை அழுதிருக்கிறார். நான்காம் முறை, "சந்தைக்குப் போயிருக்காங்க மாமா" என்று மருமகள் சொன்னாராம். அது பொய்யா என்று நம்மிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு வெளியே கேட்டார். பொய் பற்றிக் குருமடத்தில் நாம் படித்த பாடங்களெல்லாம் அந்த நேரத்தில் மிகவும் இளைத்துப்போய்த் தெரிந்தன.

அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து சட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் புறப்படுவார். ஒரு நாள் அப்படியே மின்தொடர்வண்டியில் ஏறிவிட்டார். இரவு பத்து மணிக்குக் கடற்கரை நிலையத்தின் கடைசி நடைமேடையில், ஷிப்டு மாற்ற வரும் ஆளுக்காகக் காத்திருப்பவரைப் போல் அமைதியாக உட்கார்ந்திருந்தவரைக் கண்டுபிடித்தார்கள். அன்று முதல் வெளிக்கதவுக்குப் பூட்டு. பூட்டைக் கண்டதும் கூச்சல். மாலை ஐந்து மணியானால், "என்னை வீட்டுக்குக் கொண்டு போய் விடுங்க" என்று கெஞ்சுவார். தாமே செங்கல் சுமந்து கட்டிய வீட்டில் நின்றுகொண்டுதான் அப்படிக் கெஞ்சுவார்.

மகனுக்கு மறைமலை நகர்ப் பக்கம் ஷிப்டு வேலை. ஆகவே மாமனாரைக் குளிப்பாட்டுவதும் துணி மாற்றுவதும் மருமகளின் பொறுப்பாயிற்று. அதற்காக அவர் பள்ளி வேலையை விட்டார். குளிப்பாட்டும்போது கிழவர் அடிப்பார். நோய் அடித்தது பாதி, வெட்கம் அடித்தது பாதி என்று நமக்குத் தோன்றுகிறது. தலைமுறைக்கும் மருமகள் முன் மேல்துண்டில்லாமல் நின்றறியாத மனிதர் அவர். மூத்த மகள் குவைத்தில், இளையவள் டொராண்டோவில். இருவரும் தொலைபேசியில், "அப்பாவை அநாதை மாதிரி விடப் போறீங்களா?" என்று அழுவதோடு சரி. தூரம் கூடக் கூடப் பாசம் கண்டிப்பாகப் பேசும் என்பதைப் பங்குப் பணியில் பலமுறை கண்டிருக்கிறோம்.

இந்நிலையில்தான், கிறிஸ்து பிறப்பு விழாவை அடுத்து வரும் திருக்குடும்ப விழா அன்று நாம் மறையுரை ஆற்றினோம். முதியோர் இல்லங்கள் பெருகுவது நம் காலத்தின் வெட்கம் என்றோம். பெற்றவர்களைக் கட்டணம் கட்டி ஒப்படைத்துவிட்டு வருகிறவர்கள் நாளை தம் பிள்ளைகளிடம் என்ன எதிர்பார்க்க முடியும் என்று குரலை உயர்த்தினோம். நல்ல மறையுரை என்று பலர் கைகுலுக்கினர். ஐந்தாம் வரிசையில் அந்த மருமகள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்ததை நாம் கவனிக்கவில்லை. அதன் பிறகு மூன்று ஞாயிறுகள் அவர் கோவிலுக்கு வரவில்லை. நான்காம் ஞாயிறு அவருடைய கணவர் அந்தக் கேள்வியோடு வந்தார்.

அன்றைய முதல் வாசகம் சீராக்கின் ஞானநூல் மூன்றாம் அதிகாரம். தாய் தந்தையரை மதிப்பது பற்றிய அப்பகுதியை நாம் அழுத்தி விளக்கினோம். ஆனால் அதன் பதின்மூன்றாம் வசனத்தில் ஒரு வார்த்தையும் தங்கவில்லை. தந்தையின் அறிவாற்றல் தளர்ந்துபோனாலும் பொறுமை காட்டு, உனக்கு வலிமை இருக்கிறதென்று அவரை இகழாதே என்பது அவ்வசனத்தின் கருத்து. கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதிய அந்த ஞானி, மூப்பின் மறதியை வீட்டுக்குள் நின்று பார்த்திருக்க வேண்டும். தந்தையை எந்தக் கூரையின்கீழ் வைக்க வேண்டுமென்று அவர் சொல்லவில்லை. அறிவு குன்றியவர் முன் அறிவுள்ளவன் எப்படி நடந்துகொள்கிறான் என்பதே அவருடைய கவலை. வீட்டிலேயே வைத்துக்கொண்டு இகழவும் முடியும். அத்தகைய வீடுகளுக்கும் நாம் நற்கருணை எடுத்துச் சென்றிருக்கிறோம்.

2023இல் வெளியான ஒரு தேசிய ஆய்வு, இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினர், அதாவது சுமார் 88 இலட்சம் பேர், இந்நோய்க்கு ஆட்பட்டிருப்பதாக மதிப்பிட்டது. ஆகவே இது ஏதோ ஒரு தெருவின் துயரமன்று. எனினும் இக்கேள்விக்குள் நுழைய எண்களைவிட ஒரு புனிதரின் வாழ்க்கை நமக்கு உதவிற்று.

குழந்தை இயேசுவின் புனித தெரேசாவை அறியாத கத்தோலிக்க வீடு நம்மிடையே இல்லை. அவருடைய தந்தை லூயி மார்ட்டினின் கடைசி ஆண்டுகளை அறிந்தோர் குறைவு. கடிகாரத் தொழில் செய்தவர். மனைவி செலி 1877இல் இறந்தபின் ஐந்து பெண்மக்களை வளர்த்தவர். தெரேசா 1888 ஏப்ரலில் லிசியே நகரின் கார்மெல் மடத்தில் சேர்ந்தார். அதே ஆண்டு ஜூன் மாதம் தந்தை சொல்லாமல் வீட்டை விட்டுப் போய்விட்டார். நான்கு நாள் கழித்து, லெ ஹாவ்ர் என்னும் துறைமுக நகரில் அவரைக் கண்டுபிடித்தார்கள். கடற்கரை நிலையத்தில் உட்கார்ந்திருந்த நம் பெரியவரை நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு இல்லாத ஆபத்துகள் அவர் கண்ணுக்குத் தெரியத் தொடங்கின. பெண்மக்களைக் காப்பதாக எண்ணித் துப்பாக்கியைக் கையில் எடுத்தார். 1889 பிப்ரவரி 12 அன்று, கான் நகரில் துறவுச் சகோதரிகள் நடத்திய மனநோய் மருத்துவமனையில் அவரைச் சேர்த்தார்கள். மூன்று ஆண்டுகளுக்கு மேல் அங்கே இருந்தார்.

அந்நாளைய பிரான்சில் அது எவ்வளவு பெரிய அவமானம் என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மக்கள் ஒருவர்பின் ஒருவராய் மடத்துக்குப் போனதால்தான் தந்தைக்குப் புத்தி பேதலித்தது என்று ஊர் பேசிற்று. அந்தப் பேச்சு அடைபட்ட மடத்துச் சுவரையும் தாண்டித் தெரேசாவின் காதில் விழுந்தது. வெளியில் இருந்த லெயோனியும் செலினும் கான் நகருக்கே சென்று சில மாதங்கள் தங்கினர். வாரம் ஒரு முறைதான் பார்க்க அனுமதி என்றபோதும், நாள்தோறும் வாசலுக்குப் போய் நலம் கேட்டு வந்தார்கள்.

1892 மே மாதம், கால்கள் செயலிழந்து, இனி ஓடிப்போக முடியாது என்றான பிறகு, அவரை லிசியேவுக்குத் திரும்ப அழைத்து வந்தார்கள். செலின் தன் துறவு விருப்பத்தைத் தள்ளிவைத்து, 1894 ஜூலையில் அவர் இறக்கும்வரை பேணினார். அதன் பிறகே கார்மெலில் சேர்ந்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015 அக்டோபர் 18 அன்று லூயிக்கும் செலிக்கும் புனிதர் பட்டம் அளித்தார். தந்தையை மருத்துவமனையில் விட்ட அந்தப் பெண்மக்களில் ஒருத்தி திருச்சபையின் மறைவல்லுநர். அவர்கள் பாவம் செய்தார்கள் என்று சொல்ல நமக்குத் துணிவில்லை.

இதில் நம் நெஞ்சில் தைப்பது ஒன்றுண்டு. அவர்கள் சேர்த்தார்கள், போய்ப் பார்த்தார்கள், நிலைமை மாறியபோது திரும்ப அழைத்தும் வந்தார்கள். இல்லத்தில் சேர்ப்பதை நாம் ஏதோ அடக்கச் சடங்கைப் போல, ஒரு முறை செய்தால் திருப்ப முடியாத காரியமாக எண்ணிக்கொள்கிறோம். அவசியமில்லை. அலைந்து திரியும் காலத்துக்குப் பூட்டும் காவலும் வேண்டும். படுக்கையோடு அடங்கிய காலத்தில் வீடே போதுமானதாகலாம்.

ஆனால் அந்த மகனை வாட்டியது இன்னொன்று. நினைவு தெளிவாக இருந்த நாளில் தந்தை அவரிடம், "என்னை எந்த இல்லத்திலும் விட்டுடாதேடா" என்று கேட்டிருந்தார். மகனும் கையடித்துக் கொடுத்திருந்தார். வாக்குறுதி விளையாட்டல்ல. எனினும் வாக்களித்த நேரத்தில் இருந்த ஆட்களின் நிலையும் சூழலும் மாறிவிட்டால், அதை நிறைவேற்றாதவன் பொய்யனாகான் என்று புனித தோமா அக்குவினாஸ் கற்பிக்கிறார். இதைக் கேட்டுச் சிலர் மூச்சுவிடுவார்கள். நாம் அவ்வளவு விரைவாக மூச்சுவிட விரும்பவில்லை. சூழல் மாறிவிட்டதென்று தீர்ப்புச் சொல்கிறவன், அந்த மாற்றத்தால் இலாபம் அடைகிறவனாகவும் இருக்கிறானே! ஆகவே அவரிடம் நாம் கேட்டது இதுதான்: அப்பா எதற்குப் பயந்து அப்படிக் கேட்டார்? நெடுநேரம் யோசித்து, "யாரும் வரமாட்டாங்கன்னு பயந்திருப்பார் ஃபாதர்" என்றார். அந்தப் பயத்துக்குக் கொடுத்த வாக்கு இன்னும் அப்படியே நிற்கிறது. எந்தச் சூழலும் அதை மாற்றவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நான்காம் கட்டளையைப் பற்றி ஆண்களாகிய நாம் பேசுகிறோம். அதன் வேலையைப் பெண்கள் செய்கிறார்கள். அந்த மருமகள் தன் பெற்றோருக்கும் மகள்தானே? அவர்கள் செய்யாற்றுப் பக்கம் ஒரு சிற்றூரில் தனியே இருக்கிறார்கள். இரண்டு ஆண்டுகளாக ஓர் இரவுகூட அவர்களோடு தங்கவில்லை என்றார். 1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல், முதுமையிலும் நோயிலும் பெற்றோருக்கு உதவும் கடமையை வளர்ந்த பிள்ளைகள் மேல் வைக்கும்போது, இயன்றவரை என்னும் வரம்பையும் சேர்த்தே வைக்கிறது. அந்த ஒரு சொல்லை மறையுரை மேடையில் நாம் விழுங்கிவிட்டிருந்தோம். அடுத்த ஞாயிறு அதே மேடையில் நின்று, யாரையும் சுட்டாமல், முன்பு சொன்னதைத் திருத்திச் சொன்னோம். கைகுலுக்க வந்தவர்கள் குறைவு.

அதன் பிறகு அந்தக் கணவன் மனைவியோடு நாமும் இரண்டு மூன்று இல்லங்களைப் பார்க்கப் போனோம். தாம்பரம், சேலையூர், வண்டலூர் என்று இப்பக்கமெல்லாம் பலகைகள் பெருகியிருக்கின்றன. பல இல்லங்களில் மறதி நோய் என்ற பேச்சை எடுத்தவுடனே கையை விரித்துவிட்டார்கள். தம் வேலையைத் தாமே செய்துகொள்கிறவர்களுக்கு மட்டுமே இடமாம். எடுத்துக்கொள்வதாகச் சொன்ன ஒன்றில் வரவேற்பறை பளிங்காக மின்னிற்று. உள்ளே ஒரு பாட்டியின் மணிக்கட்டைக் கட்டிலோடு துணியால் கட்டியிருந்தார்கள். விழுந்துவிடுவார்களாம். மருமகள் ஒன்றும் பேசாமல் வெளியே வந்துவிட்டார்.

அந்த அலைச்சலில் சில அறிந்துகொண்டோம். காலை பத்து மணிக்குப் போய்ப் பார்ப்பதில் பயனில்லை. சொல்லாமல் மாலை ஐந்து மணிக்கு மேல் போக வேண்டும். இந்நோயாளர்களின் கலக்கம் மிகும் நேரம் அதுதான். அப்போது பணியாளர் குரலை உயர்த்துகிறாரா, கையைப் பிடித்து உலாவ விடுகிறாரா என்று பார்த்தாலே போதும். இரவில் எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர் என்று கேட்க வேண்டும். குளிப்பாட்ட ஆண்களுக்கு ஆண்கள் இருக்கிறார்களா என்பதையும் அந்த மருமகள்தான் மறக்காமல் கேட்டார். எந்த நேரத்திலும் வந்து பார்க்கலாமா என்பதற்குத் தயங்கும் இல்லத்தை அங்கேயே விட்டுவிடலாம்.

சட்டத்துக்கு அஞ்சுகிறவர்களுக்கும் ஒரு சொல். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டம், முதியவரை அடியோடு கைவிடும் நோக்கத்தோடு எங்கேனும் விட்டுச் செல்வதைத்தான் குற்றமாக்கி, மூன்று மாதம்வரை சிறையோ 5,000 ரூபாய்வரை தண்டமோ விதிக்கிறது. நல்ல இல்லத்தில் சேர்த்துப் பேணுவது அதில் வராது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமோ, நினைவு தெளிவாக இருக்கும்போதே தம் சார்பில் முடிவெடுக்க ஒருவரை நியமித்துவைக்கும் உரிமையை ஒவ்வொருவருக்கும் தருகிறது. நாமும் ஐம்பதைத் தாண்டியாயிற்று. துறவிக்குப் பிள்ளை ஏது? யாருடைய பெயரை எழுதுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

நினைவு, அறிவு, விருப்பம் ஆகிய மூன்றிலும் மூவொரு கடவுளின் சாயலைக் கண்டார் புனித அகுஸ்தினார். குருமடத் தேர்வில் அதை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினோம். அப்படியானால் நினைவு போனவரிடம் சாயலும் மங்கிவிடுமா என்று அன்று கேட்கத் தோன்றவில்லை. தாய் தன் பிள்ளையை மறந்தாலும் நான் மறவேன் என்னும் பொருள்பட எசாயா வழியாக ஆண்டவர் பேசியதை இப்போது சேர்த்து வாசிக்கிறோம். நினைவில் வைத்திருக்க வேண்டிய வேலை இனி அப்பெரியவருடையதன்று. அவருக்காக வேறொருவர் அதைச் செய்துகொண்டிருக்கிறார்.

பெரியவர் இப்போது தாம்பரத்துக்கு அப்பால் ஓர் இல்லத்தில் இருக்கிறார். வெள்ளிக்கிழமை தோறும் மகன் பல்லாவரம் சந்தையில் நாட்டுக் கொய்யா வாங்கிக்கொண்டு போகிறார். மருமகள் பெரும்பாலும் கூடப் போகிறார். இப்போது அவரை மாமனார் அடிப்பதில்லை, யாரோ டீச்சர் என்று எண்ணி எழுந்து நிற்கிறார். டொராண்டோ மகள் இன்னும் பேசுவதில்லை. மகனைப் பழைய சூப்பர்வைசர் என்றே தந்தை நினைக்கிறார். அரை நாள் விடுப்புக் கேட்கிறார். எதற்கு என்றால், வீட்டுக்குப் போக வேண்டுமாம். மகன் விடுப்புக் கொடுக்கிறார். சென்ற மாதம் நாம் நற்கருணையோடு போயிருந்தோம். செபமாலையை எடுத்ததும், வடமொழி கலந்த பழைய தமிழில், சிறுவயதில் அவருடைய தாய் கற்றுக்கொடுத்த வடிவிலேயே, ஒரு சொல்லும் பிசகாமல் சொல்லத் தொடங்கினார். புதிய வடிவில் தொடங்கிய நாம் இரண்டாம் மணியிலேயே தடுமாறி, அவர் சொன்னபடி சொல்லிக்கொண்டு போனோம்.