விடை சொல்ல வேண்டியவர் யார்?

'உத்தியோகம் புருஷ லட்சணம்' என்பது நம்மிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. ஆதலின் ஆண்மகன் ஏன் வேலைக்குப் போகிறான் என்று நாம் கேட்பதில்லை. மணமான பெண்ணொருத்தி மருத்துவராகவோ, பேராசிரியையாகவோ, வங்கி அதிகாரியாகவோ பணியில் தொடர்ந்தால், "ஏன் இன்னும் போகிறாள்?" என்கிறோம், விலகிவிட்டாலோ, "இவ்வளவு படித்துவிட்டு ஏன் விட்டாள்?" என்கிறோம். இரண்டிற்கும் அவளே விடை சொல்ல வேண்டும். விடை சொல்லும் கடமையை ஒருவர்மீது மட்டும் சுமத்துவது அறமாகுமா என்பதே நாம் ஈண்டு எண்ணிப் பார்க்க வேண்டிய வினா.

இருப்பதா, விலகுவதா என்று முடிவு செய்யும் உரிமையே பெண்ணுக்கு இல்லாதிருந்த காலமும் உண்டு. 1951இல் இந்திய ஆட்சிப்பணியில் சேர்ந்து சென்னை மாநிலத்தில் பொறுப்பேற்ற அன்னா ராஜம் அவர்களின் நியமன ஆணையில், திருமணம் செய்துகொண்டால் பணி முடிவுறும் என்ற நிபந்தனை இருந்தது; அவ்விதி பின்னர் மாற்றப்பட்டது. இந்திய அயலுறவுப் பணியிலோ, பெண் அதிகாரி மணம்புரிய அரசின் அனுமதி பெறவேண்டும் என்றும், இல்லறப் பொறுப்பு பணிக்கு இடையூறாகும் என அரசு கருதினால் அவரை விலகச் சொல்லலாம் என்றும் விதி இருந்தது. அப்பணியின் முதல் பெண் அதிகாரியான சி. பி. முத்தம்மா, தமக்குப் பதவி உயர்வு மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்சநீதிமன்றத்தை நாடினார். 1979இல் அவ்வழக்கில் தீர்ப்பெழுதிய நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் ஓர் எளிய உண்மையைச் சுட்டினார்: குடும்பப் பொறுப்பு பெண்ணின் பணிக்கு இடையூறாகக் கூடுமெனில், ஆணின் பணிக்கும் அவ்வாறே ஆகக்கூடும் அன்றோ?

விமானப் பணிப்பெண்கள் முதற்கருவுற்றதும் வேலை இழப்பர் என்ற விதியை 1981இல் அதே நீதிமன்றம் செல்லாததாக்கியது. ஆயினும் மணம் புரிந்ததற்காக 1988இல் பணிநீக்கப்பட்ட இராணுவச் செவிலிய அதிகாரி ஒருவர் 60 இலட்சம் ரூபாய் இழப்பீடு பெறும் தீர்ப்பைக் காண 2024 வரை காத்திருக்க நேர்ந்தது. சட்டத்தின் கதவு திறந்தது உண்மை. மிக மெல்லத் திறந்தது என்பதும் உண்மை.

கதவு திறந்த பின்னும் பெண்கள் விலகுவது ஏன்? பணி விலகல் ஒரே நாளில் நிகழ்வதன்று. முதலில், பதவி உயர்வு வந்தால் கூடவே இடமாற்றமும் வரும் என்று அவள் உயர்வை மறுக்கிறாள். அடுத்து, குழந்தையின் காய்ச்சலுக்கும் மாமனாரின் அறுவைச் சிகிச்சைக்கும் விடுப்பு எடுத்துத் தீர்க்கிறாள்; பின் ஊதியமில்லா விடுப்பில் நிற்கிறாள். கடைசியில் 'சொந்தக் காரணங்கள்' என்ற இரண்டு சொற்களில் கடிதம் எழுதுகிறாள். தமிழகத்திற்கு வெளியே வாழும் நமக்கு இன்னொரு வழியும் தெரியும். தமிழக அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள் தில்லியிலோ மும்பையிலோ வாழ்க்கைப்பட்டால், மாநிலப் பணியைக் கையோடு எடுத்துவர இயலாது. மணப்பேச்சில் நகையும் நாளும் பேசப்படும். அவள் வேலை என்னவாகும் என்பது பேசப்படுவது அரிது.

2019ஆம் ஆண்டு அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இதற்குச் சான்று. ஊதியமில்லா வீட்டுவேலையில் பெண்களில் நூற்றுக்கு 81 பேரும், ஆண்களில் 26 பேரும் ஈடுபட்டனர். அவ்வாறு ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டனர். ஏறத்தாழ ஐந்து மணிநேரம் என்பது இரண்டாவது உத்தியோகம் அன்றோ?

சட்டமும் இப்பங்கீட்டை அறிந்தோ அறியாமலோ உறுதி செய்கிறது. மகப்பேற்று விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக 2017இல் உயர்ந்தது வரவேற்கத்தக்கதே. எனினும், மைய அரசில் தாய்க்குக் குழந்தை பராமரிப்பு விடுப்பாக 730 நாள்கள் 2008இல் வழங்கப்பட்டன. மனைவியுடன் வாழும் தந்தைக்கோ 15 நாள்களே. குழந்தை யாருடைய பொறுப்பு என்பதை இந்த எண்களே சொல்லிவிடுகின்றன.

நிலைத்து நிற்பவள் ஏன் நிற்கிறாள்? வீட்டுக் கடனுக்காக என்பது ஒரு விடை. தன் பெயரால் அறியப்படுவதும், கற்றதைப் பிறர்க்குப் பயன்படுத்துவதும், கை நீட்டிக் கேளாது வாழ்வதும் வேறு விடைகள். இவை ஆணுக்குப் பெருமை எனில் பெண்ணுக்குப் பேராசை ஆவது எங்ஙனம்?

ஆனால் ஒன்றை மறைத்தலாகாது. அவள் நிற்பதற்குப் பெரும்பாலும் வேறு பெண்களின் உழைப்பே அடித்தளம். பேரக்குழந்தைக்காகக் கணவரைத் தஞ்சையில் தனியே விட்டுத் தலைநகர் வரும் பாட்டியும், தன் பிள்ளையை அண்டை வீட்டில் விட்டு நம் பிள்ளையைத் தூக்க வரும் பணிப்பெண்ணும் இல்லாவிடில் பல வீடுகளில் காலைப்பொழுது நகராது. ஒரு பெண்ணின் தோளிலிருந்து இன்னொரு பெண்ணின் தோளுக்குச் சுமை மாறுவதை விடுதலை என்று கூறிவிட முடியாது. ஆணின் தோள் அங்கே இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.

வேலையை விட்டவள் தாழ்ந்தவளும் அல்லள். தொடர்பவள் கடமை மறந்தவளும் அல்லள். குழந்தையை வளர்த்தலும் முதியோரைப் பேணலும் எந்த அலுவலுக்கும் குறைந்தவை அல்ல. ஆயின், 'அவள் விரும்பித்தான் விட்டாள்' என்று சொல்லுமுன் ஒன்றை உறுதி செய்துகொள்ளல் வேண்டும். தொடரவும் அவளுக்கு வழி இருந்ததா? அதே வினா அவள் கணவனிடமும் கேட்கப்பட்டதா? இரண்டு வழிகளில் ஒன்று அடைபட்டிருக்க மற்றொன்றில் நடந்தவளை, அவ்வழியை விரும்பினாள் என்பது வழக்கு வேண்டுமானால் ஆகலாம், வாய்மை ஆகாது.

மணப்பேச்சு நடக்கும் நம் இல்லங்களில், மகளிடம் கேட்கும் இவ்வினாவை மகனிடமும் கேட்கத் தொடங்குவோமாக. அவன் சொல்லும் விடையைப் பொறுத்தே அவளுடைய விடை உண்மையில் அவளுடையதாகும்.