அனுமதியும் அறமும்: நீரருகே ஒரு நீச்சல் தடாகம்

சட்டம் தடுக்காத செயலெல்லாம் செய்யத்தக்க செயலாகுமா என்பது ஒழுக்கவியலின் பழைய வினாக்களுள் ஒன்று. கொலை, களவு முதலிய பெரும் பிழைகளைப் பொறுத்தவரை இவ்வினா எழுவதில்லை; அங்கே சட்டமும் அறமும் ஒரே பக்கத்தில் நிற்கின்றன. எவருக்கும் தீங்கு நினையாத ஒருவர், தமக்கு உரிமையான காணியில், உரிய அலுவலகங்களின் ஒப்புதலோடு, இன்பம் தரும் ஒன்றை அமைக்க முற்படும்போதே இவ்வினா கூர்மை பெறுகின்றது. நீர்நிலை ஒன்றின் அயலில் நீச்சல் தடாகம் அமைப்பதற்கு அனுமதி கோருவது அத்தகையதொரு செயலாகும். திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த பகுதியைக் களமாகக் கொண்டு இதனை ஆராய்வது பொருத்தமுடையது. ஏனெனில், எத்திசை நோக்கினும் நீர் தென்படும் அப்பகுதியில் குடிக்கத்தக்க நீரோ அரியது.

திருகோணமலை நகரிலிருந்து உப்புவெளி, நிலாவெளி வழியாகக் குச்சவெளி நோக்கிச் செல்லும் பாதையின் கிழக்கே கடல் விரிந்து கிடக்கின்றது. நிலாவெளியை அடுத்து மேற்கே களப்பு நீர் காணப்படுகின்றது. இரண்டு உவர் நீர்களுக்கும் இடைப்பட்ட மணல் நிலத்திலேதான் மக்களின் கிணறுகள் அமைந்துள்ளன. மாரியிற் பெய்யும் மழை மணலினூடே இறங்கி, கனமான உவர் நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நிற்குமாயின், அதன் கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழத்துக்கு நன்னீர் தங்கும் என்பது நீரியலாளர் கண்ட விதி. அந்த ஓரடி குறையுமாயின், கீழிருக்கும் உவர் நீர் நாற்பது அடி மேலெழும் என்பது இவ்விதியின் மறுபக்கம். இத்தகைய நிலத்தில் ஒருவர் கிணற்றில் மிகையாக இறைக்கும் நீர் அவருடைய நீர் மட்டுமன்று. வேலிக்கு அப்பாலுள்ள கிணற்றின் சுவையையும் அது மாற்றவல்லது.

இங்கே காணி வைத்திருக்கும் ஒருவர், தமது விடுதிக்கு வருவோரின் பொருட்டு 25 மீற்றர் நீளமும் 10 மீற்றர் அகலமும் ஒன்றரை மீற்றர் ஆழமும் கொண்ட தடாகம் ஒன்றை அமைக்க விரும்புவதாகக் கொள்வோம். அதனை நிரப்ப 375,000 லீற்றர் நீர் வேண்டும். ஆளொருவருக்கு நாளொன்றுக்கு 100 லீற்றர் எனக் கணக்கிடின், ஐவர் கொண்ட குடும்பமொன்று ஈராண்டுகளுக்கு மேல் பயன்படுத்தும் நீர் அது. நிரப்புவதோடு செலவு முடிந்துவிடுவதுமில்லை. வெயிலிலும் காற்றிலும் நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் நீர் ஆவியாகுமாயின், அன்றாடம் 1,250 லீற்றர் நீரை மீளச் சேர்த்தல் வேண்டும். வடிகட்டியைக் கழுவி வெளியேற்றும் குளோரின் கலந்த நீர் களப்பைச் சென்றடையுமாயின், அங்கு வளரும் மீன் குஞ்சுகளுக்கும் இறாலுக்கும் அது ஊறு விளைவிக்கும்.

காலமும் கருதத்தக்கது. திருகோணமலைக்கு மழை தருவது வடகீழ்ப் பருவக்காற்று. ஒக்ரோபர் முதல் சனவரி வரையான மாதங்களே அதற்குரியவை. உல்லாசப் பயணிகள் பெருந்தொகையாக வருவதோ மே முதல் செப்ரெம்பர் வரையான வறண்ட காலத்தில். அயலார் கிணறுகளின் நீர் மட்டம் தாழ்ந்து செல்லும் அதே மாதங்களிலேதான் தடாகத்தின் நீர் மட்டம் குறையாது நிற்றல் வேண்டும். அம்மாதங்களில் நிலாவெளிக் கடல் அலை அடங்கி, குளிப்பதற்கு ஏற்றதாய் இருக்கின்றது என்பதும் மறக்கற்பாலதன்று.

இனி, அனுமதி பற்றி நோக்குவோம். இலங்கையில் 1978ஆம் ஆண்டின் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும், 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணற் சட்டமும் இத்தகைய கட்டுமானங்களை ஒழுங்குபடுத்த எழுந்தவை. பின்னைய சட்டம் உயர்நீர் எல்லையிலிருந்து நிலப்புறமாக 300 மீற்றர் வரையுள்ள பகுதியைக் கரையோர வலயம் என வகுத்து, அங்கு அபிவிருத்தி வேலை செய்ய விழைவோர் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும் என விதித்தது. நிலத்தை வலயங்களாக வகுப்பதன் நோக்கம் உயர்ந்தது. தனியொருவரின் விருப்பம் பொதுவான நிலத்தையும் நீரையும் சிதைத்துவிடாது காக்க எழுந்த ஏற்பாடு அது. ஆகவே விதிகளை வெறும் தடைகளெனக் கருதி அவற்றை எள்ளுதல் தகாது.

எனினும் அனுமதி வழங்கும் அலுவலகம் கேட்கும் வினா எத்தகையது? கட்டடம் எல்லைக்கோட்டிலிருந்து போதிய தொலைவில் உள்ளதா, வரைபடம் முறையானதா, கழிவு நீருக்கு வழி உண்டா என்றே அது வினவும். இவற்றுக்குத் தக்க விடை கிடைத்தால் கோப்பு நிறைவு பெறும். இந்நீர் எவருடைய நீரிலிருந்து குறைகின்றது என்னும் வினாவுக்குப் படிவத்தில் இடம் கிடைப்பது அரிது. மேலும், பெருந்திட்டமாயின் அதனைச் சூழல் மதிப்பீட்டுக்கு உட்படுத்திப் பொதுமக்களின் கருத்தையும் கேட்கும் வழி உண்டு. ஒரு தனித் தடாகத்துக்கு அவ்வளவு பெரிய விசாரணை நிகழ்வதில்லை. ஒரு மணியை நீக்குவதால் நெற்குவியல் குவியலல்லாது போவதில்லை. ஆயினும் மணி மணியாக நீக்கும்போது ஒரு கட்டத்தில் குவியல் இல்லாதொழிகின்றது. இது கிரேக்கத் தருக்கவியலார் எழுப்பிய புதிர். ஒவ்வொரு தடாகமும் தனியே நோக்குமிடத்துத் தீங்கற்றது. முப்பது தடாகங்கள் தீங்கற்றவை அல்ல. தனித்தனிக் கோப்புகளாக நோக்கும் முறைக்கு இவ்வுண்மை புலப்படுவதில்லை.

சொத்துரிமையை வற்புறுத்துவோர் இவ்விடத்தில் ஆங்கில மெய்யியலாளர் ஜோன் லொக்கைத் துணைக்கு அழைக்கலாம். பொதுவில் கிடப்பதைத் தன் உழைப்பினால் தனதாக்கும் உரிமை மனிதனுக்கு உண்டென அவர் வாதிட்டார். ஆயின் ஒரு நிபந்தனையும் விதித்தார்: ஏனையோருக்கும் போதிய அளவும் அதே தரமும் எஞ்சியிருத்தல் வேண்டும். இதனை விளக்க அவர் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு நீரே என்பது கவனிக்கத்தக்கது. ஆற்றில் ஒருவன் வேண்டுமளவு அருந்தினாலும், அடுத்தவனுக்கு ஆறு முழுவதும் எஞ்சியிருப்பதால் அவனுக்கு இழப்பில்லை என்பது அவர் கருத்து. வற்றாத ஆற்றுக்கு இது பொருந்தும். இரு உவர் நீர்களுக்கு இடையே மிதக்கும் நன்னீர்ப் படைக்குப் பொருந்துமா? அங்கே போதிய அளவும் எஞ்சுவதில்லை. உவர் ஏறியபின் அதே தரமும் எஞ்சுவதில்லை. ஆகவே சொத்துரிமைக் கோட்பாட்டினை அதன் மூலவர் வகுத்த வண்ணமே ஏற்றுக்கொண்டாலும், தடாகத்துக்கான உரிமை தானாக நிலைபெறுவதில்லை.

மறுதரப்பின் நியாயங்களையும் நேர்மையாக நோக்குதல் வேண்டும். நீண்ட போரினால் நலிந்த ஒரு மாவட்டத்தில் விடுதியொன்று எழுவது பலருக்கு வேலை தருவது. வருவாயின்றி வாடும் இளைஞனிடம் நிலத்தடி நீரைப் பற்றி மட்டும் பேசுவது இரக்கமற்ற அறமாகும். கடல் சூழ்ந்த நாட்டில் பிள்ளைகள் பாதுகாப்பாக நீந்தப் பழகுவதற்குத் தடாகம் உதவும் என்பதும் உண்மை. குழாய் நீரைக் கொண்டு நிரப்பினால் அயலார் கிணற்றுக்குக் கேடில்லையே எனவும் கூறலாம். ஆனால் திருகோணமலையின் குழாய் நீர் ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கந்தளாய்க் குளத்திலிருந்து வருவது. அக்குளத்தை நம்பியே கீழுள்ள வயல்களும் விளைகின்றன. குழாய், நீரைப் படைப்பதில்லை. எவரிடமிருந்து நீர் வருகின்றது என்பதைக் கண்ணுக்கு மறைக்கின்றது, அவ்வளவே.

வலய விதிகள் தம்மளவில் நீதியாகிவிடா என்பதற்கு இக்கரையோரமே சான்று பகரும். 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின்னர், கடலோரத்தில் மீளக் குடியமர்வதைத் தடுக்கும் இடைவலயம் அறிவிக்கப்பட்டது. தெற்கிலும் மேற்கிலும் அது 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். வள்ளமும் வலையும் கரையில் இருக்க, மீனவக் குடும்பம் உள்நாட்டுக்குப் போகவேண்டும் என்றாயிற்று. சுற்றுலாத்துறைக் கட்டடங்களுக்கோ சலுகை காட்டப்பட்டது. இவ்விதி பின்னர் தளர்த்தப்பட்டதாயினும், அது எழுப்பிய வினா மறையவில்லை. ஒரே மணலில், வாழ்வதற்கான குடிலுக்கு ஆபத்தெனக் கருதப்பட்ட இடம் ஓய்வுக்கான கட்டடத்துக்கு ஏற்றதாவது எங்ஙனம்?

அனுமதி பெற்ற பின்னரும் ஒரு செயல் தவறாக இருக்கலாம் என்பதை நீதிமன்றங்களும் ஏற்றுள்ளன. இமாசலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றங்கரையில் அமைந்த விடுதியொன்றுக்கு அரசு குத்தகைக்கு விட்ட நிலம் பற்றிய வழக்கில், இந்திய உச்ச நீதிமன்றம் 1996 டிசெம்பரில் அந்த ஒப்புதலையும் குத்தகையையும் ரத்துச் செய்தது. ஆறும் கரையும் அரசின் தனிச் சொத்தல்ல. மக்களின் பொருட்டு அரசு நம்பிக்கைப் பொறுப்பாக ஏற்றிருப்பவை என்பது அத்தீர்ப்பின் அடிப்படை. இலங்கையில், பொதுத் தேவைக்கெனச் சுவீகரிக்கப்பட்ட பத்தரமுல்லைத் தாழ்நிலம் தனியார் கோல்ஃப் திடலான வழக்கில், உயர் நீதிமன்றம் 2008 ஒக்ரோபரில் அதே பொறுப்பை வலியுறுத்தியது. முன்னாள் சனாதிபதி ஒருவருக்கு 30 இலட்சம் ரூபா செலுத்தும்படியும் கட்டளையிட்டது. பிறருக்குரியதைக் காப்பவர் தமது கையொப்பத்தால் அதனை வழங்கிவிட முடியாது என்பதே இவ்விரு தீர்ப்புகளின் சாரம்.

அவ்வாறாயின் அனுமதியை யாரிடம் கோருவது? இதற்கான விடையைத் தேடித் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. கந்தளாய்க் குளத்தைத் தமிழ் மரபு குளக்கோட்டனோடும் சிங்கள மரபு பழைய அனுராதபுர மன்னர்களோடும் இணைத்துப் பேசும். கட்டியவர் யாராயினும், குளத்து நீரைப் பகிர்ந்த முறை உழவர் கூடி வகுத்ததாகும். உலர் வலயத்துக் குளங்களின் கீழ் ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் உழவர் கூட்டம் நடைபெறும். குளத்தில் நிற்கும் நீரின் அளவைக் கண்டு, எவ்வளவு நிலம் விதைப்பது, எந்நாளில் நீர் திறப்பது என்பன அங்கே தீர்மானிக்கப்படும். நீர் குறைந்த ஆண்டில், விதைக்கக்கூடிய சிறு நிலத்தையே எல்லோருக்கும் பங்கிட்டுப் பயிர் செய்யும் ‘பெத்மா’ என்னும் வழக்கமும் உண்டு. குளத்துக்கு அருகில் வயலுடையவன் தன் நிலத்தின் ஒரு பகுதியை அவ்வாண்டுக்கு அயலானிடம் விடுகின்றான். அவனது உரிமை அழிவதில்லை. நீரின் அளவுக்கேற்ப ஒடுங்குகின்றது.

தடாகம் அமைக்க விரும்புபவரிடம் அறம் வேண்டுவதும் இத்தகைய ஒடுக்கமே. அது தடாகமே கூடாது என்பதன்று. கிணற்றைப் பகிர்வோரும் களப்பில் வலை வீசுவோரும் அலுவலக மேசையின் மறுபுறத்தில் இல்லாதவிடத்து, அவர்களைத் தேடிச் செல்லும் கடமை விண்ணப்பதாரருடையது. அவர்களிடம் திட்டத்தை விளக்கவேண்டும். அவர்கள் மறுத்தால் திட்டத்தைச் சுருக்கவோ கைவிடவோ ஆயத்தமாக இருத்தல் வேண்டும். மாரி நீரைத் தொட்டிகளிற் சேமித்து நிரப்புதல், இரவில் தடாகத்தை மூடி ஆவியாதலைக் குறைத்தல், கழுவு நீரைக் களப்பிற் சேரவிடாது தடுத்தல், ஊர்ப் பிள்ளைகள் நீந்தப் பழக நாள் ஒதுக்குதல் என்பன அவ்வுரையாடலிற் பிறக்கக்கூடிய உடன்பாடுகள். உள்ளூராட்சி மன்றங்களும் தனித்தனிக் கோப்பை மட்டும் நோக்காது, அக்கரையில் ஏற்கெனவே உள்ள தடாகங்களையும் கிணறுகளையும் ஒருசேரக் கணக்கிட்டுத் தீர்மானித்தல் தகும்.

வள்ளுவர் ஒப்புரவினைப் பேசுமிடத்து, பேரறிவாளனின் செல்வத்துக்கு ஊருணியை உவமையாக்கினார். ஊரார் உண்ணும் நீர் என்பதே ஊருணி என்னும் சொல்லின் பொருள். ஊருணி நிறைந்தால் ஊர் நிறையும். தனியார் தடாகம் நிறையும்போது ஊர்க் கிணறு குறையலாம். இவ்வேறுபாட்டை எந்த அனுமதிப்பத்திரமும் அழித்துவிட முடியாது. ஆதலின், நீரருகே தடாகம் கட்ட எண்ணுபவர் வரைபடத்தோடு அலுவலகம் செல்லுமுன், ஆவணி மாதத்து வெயிலில் அயல் வீட்டுக் கிணற்றடிக்குச் சென்று உள்ளே எட்டிப் பார்த்தல் நன்று. அங்கு நிற்கும் நீரின் அளவைக் கண்ட பின்னரும் விண்ணப்பத்தில் கையொப்பமிட அவர் மனம் இசையுமாயின், அதன்பின் அலுவலகத்தின் ஒப்புதலைக் கோரலாம்.