அளவறியும் அறம்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் சமண முனிவர் கிடந்த கற்படுக்கைகள் உள்ளன. மலை முழுதும் கல்லாய் இருக்க, அவர்கள் வேண்டியது ஓர் உடல் கிடக்கும் இடம் மட்டுமே. அம்மலையைக் கைக்கொள்ளவே 1751 முதல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பொருதனர். 1752இல் திருவரங்கத் தீவு பிரெஞ்சுப் படைக்குப் புகலிடமாயிற்று. கல் ஒன்றே, அதன்மீது கொண்ட பற்று வேறு.

இன்று வல்லரசுகள் பொருதுவது மண்ணுக்காக. அருமண் தனிமங்கள் எனப்படும் பதினேழு உலோகங்களுள் சிலவற்றைக் கொண்டே காற்றாலைக்கும் மின்வாகனத்துக்கும் கைப்பேசிக்கும் ஏவுகணைக்கும் வேண்டிய வலிய காந்தங்கள் செய்யப்படுகின்றன. அவற்றைப் பிரித்துத் தூய்மை செய்யும் தொழிலில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு சீனத்தின் கையில் உள்ளது. 2025 ஏப்ரலில் அமெரிக்கா இறக்குமதி வரியை உயர்த்தவே, சீனம் ஏழு தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. இருவர் பூசலில் நம் நாட்டு வாகனத் தொழிலும் காந்தத் தட்டுப்பாட்டால் இடர்ப்பட்டது.

நம்மிடம் அம்மண் இல்லாமல் இல்லை. திருவிதாங்கூர்க் கயிற்றில் ஒட்டிச் சென்ற மணலில் மோனசைட் இருப்பதை ஷோம்பர்க் என்னும் ஜெர்மானியர் 1909இல் கண்டறிந்தார். அதன்பின் மணவாளக்குறிச்சியில் ஆலை எழுந்தது. இப்போது கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேர் பரப்பில் மணல் அகழ முனைந்ததை மீனவ மக்கள் எதிர்த்து நிற்கின்றனர். மோனசைட் இயல்பிலேயே கதிரியக்கம் உடையது; கரையோ கடலரிப்புக்கு உட்பட்டது. 2025 செப்டம்பரில் இத்தகைய கனிமச் சுரங்கங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு வேண்டுவதில்லை என மைய அரசு அறிவித்தது. நவம்பரில் காந்த உற்பத்திக்கென 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது.

"பிறர் கையை எதிர்நோக்குவதினும் நம் மண்ணை நாமே அகழ்வது மேலன்றோ?" என வினவலாம். வினா நேரியதே. காற்றாலை சுழன்றால் நிலக்கரி எரிவது குறையும். பயன் கருதிச் செய்யும் தொழிலை அறநூல் இல்லறத்தார்க்கு முற்றும் விலக்கவில்லை. ஆயின், பயனின்றி நிலத்தை அகழ்வதை அநர்த்த தண்டம் என இரத்தின கரண்டக சிராவகாசாரம் கடிகின்றது. நிலத்தையே உடலாகக் கொண்ட உயிர்களும் உண்டென்பது நம் கொள்கை. ஒரே மணல் காற்றாலையும் ஆகின்றது, ஏவுகணையும் ஆகின்றது, ஈராண்டில் எறியப்படும் கருவியும் ஆகின்றது. எதற்கு, எவ்வளவு என வரையறுக்காமல் அகழ்வோமாயின், சீனத்தின் பற்றைக் குறைகூற நமக்கு என்ன தகுதி உண்டு?

மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதம் பொருளே வேண்டா என்பதன்று; இவ்வளவே போதும் என முன்னரே வரைந்துகொள்வது. அவ்வரையறை நாட்டுக்கும் பொருந்தும். கரையில் வாழ்வோரைக் கேளாமல் கொள்ளும் பொருள் களவின் சாயலை உடையது. எறிந்த கருவிகளிலிருந்து காந்தத்தை மீட்பதும் உற்பத்தியே.

அரசு அளவு வரையும்வரை நாம் காத்திருக்க வேண்டுவதில்லை. உழைக்கும் கைப்பேசியை மாற்ற விழையும்போது, "இது தேவையா, விருப்பமா?" என ஒவ்வொரு குடும்பமும் தன்னைத் தானே கேட்டுக்கொள்க. அவ்விடையில்தான் விரதம் தொடங்குகின்றது.