ஆட்டத்தில் அளித்த வாக்கு: 'டிப்ளமசி' விளையாட்டை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

போர், தூது, நட்பு, பகை ஆகியவற்றைப் பொருளாகக் கொண்ட சிந்தனை தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியப் புறத்திணையியலும் திருக்குறட் பொருட்பாலும் அவற்றை விரிவாகப் பேசுகின்றன. ஆனால் அவை பேசுவது மெய்யான வேந்தரையும் மெய்யான போரையும் பற்றியே. ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, சில மணி நேரத்திற்கு வேந்தராக இருக்க உடன்பட்ட எழுவர் ஒருவருக்கொருவர் அளிக்கும் வாக்கு மெய்யான வாக்குத்தானா, அதை மீறுவது அறத்தவறாகுமா என்னும் வினாவை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. விளையாட்டை ஆய்வுப்பொருளாக்க நம் துறைகளில் இன்னும் தயக்கம் உண்டு. சூதுக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கிய வள்ளுவருக்கு அத்தயக்கம் இருந்ததாகத் தெரியவில்லை.

ஆட்டத்தின் அமைப்பு

'டிப்ளமசி' என்னும் இவ்விளையாட்டை அமெரிக்கரான ஆலன் கால்ஹமர் 1954இல் உருவாக்கி 1959இல் வெளியிட்டார். முதல் உலகப்போரின் தோற்றுவாய் குறித்துச் சிட்னி ஃபே எழுதிய நூலை ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது பயின்றது இதற்கு ஒரு தூண்டுதலாக அமைந்தது. ஆட்டம் 1901ஆம் ஆண்டு இளவேனிலில் தொடங்குகிறது. இங்கிலாந்து, பிரான்சு, ஜெர்மனி, இத்தாலி, ஆஸ்திரியா, ரஷ்யா, துருக்கி என ஏழு வல்லரசுகள் உள்ளன. ரஷ்யாவுக்கு நான்கு படைகள், ஏனையவற்றுக்கு மும்மூன்று. வரைபடத்தில் 34 வழங்கல் மையங்கள் இருக்க, அவற்றுள் 18ஐக் கைப்பற்றுபவர் வெல்கிறார்.

பகடைக்கு இங்கு இடமில்லை. எல்லாப் படைகளும் சம வலிமையுடையவை. ஆகவே ஒரு படை தனித்து நின்று மற்றொரு படையை அகற்ற இயலாது, இன்னொரு படையின் துணை வேண்டும். அத்துணை பல வேளைகளில் வேற்றரசின் படையிடமிருந்தே கிடைக்கும். எனவே பேச்சு இன்றியமையாததாகிறது. ஒவ்வொரு நகர்வுக்கும் முன் ஆட்டக்காரர்கள் இருவர் மூவராக ஒதுங்கிப் பேசுகின்றனர். பின் தத்தம் ஆணைகளை மறைவாக எழுதுகின்றனர். எல்லா ஆணைகளும் ஒரே நேரத்தில் வெளியிடப்படுகின்றன. பேசியது எதுவும் எவரையும் கட்டுப்படுத்தாது என்பது விதி. சொல்லுக்கும் செயலுக்கும் இடையிலான தொலைவே இவ்விளையாட்டின் களம் எனலாம்.

இருவகை உடன்பாடுகள்

இதனை ஆடிப் பார்த்தவர்க்குத் தெரியும் ஒரு நுட்பம் ஈண்டு விளக்கத்தக்கது. ரஷ்யாவின் கப்பல் செவஸ்தபோலிலும் துருக்கியின் கப்பல் அங்காராவிலும் நிற்க, இடையே கருங்கடல் கிடக்கிறது. அதனுள் எவர் நுழைந்தாலும் மற்றவர்க்குக் கேடு. இருவரும் இதற்கு இருவகையில் உடன்படலாம். ஒன்று, இருவருமே நுழைவதில்லை என்பது. மற்றொன்று, இருவருமே நுழைய ஆணையிடுவது என்பது. சமவலிமையுடைய இரு கப்பல்கள் ஓரிடத்திற்குச் சென்றால் இரண்டும் மோதித் தத்தம் இடத்திலேயே நிற்கும் என்பது விதியாதலின், விளைவு ஒன்றே: கருங்கடல் வெறுமையாகக் கிடக்கும்.

விளைவு ஒன்றாயினும் இவற்றின் இயல்பு வேறு. இரண்டாவதில் மற்றவர் சொல் தவறினாலும் எனக்குக் கேடில்லை. என் கப்பல் கருங்கடலுக்குள் சென்றுவிடும், அவ்வளவே. முதலாவதில் சொல் தவறியவர் கடலைப் பெறுவார். சொல்லைக் காத்தவர் இழப்பார். ஒன்றில் நம்பிக்கை தேவைப்படவில்லை, மற்றொன்று நம்பிக்கையை மட்டுமே நம்பி நிற்கிறது. வாக்கு என்னும் சொல் இரண்டாவதற்குப் பொருந்துமா என்பதே எனக்கு ஐயம். தவறினால் எதிரிக்குக் கேடு விளையும் இடத்தில் தவறாதிருப்பதையே நாம் வாக்குக் காத்தல் என்கிறோம்.

அத்தகைய இடம் ஒன்று வரைபடத்திலேயே அமைந்துள்ளது. இத்தாலியின் வெனிசும் ஆஸ்திரியாவின் திரியெஸ்தேயும் அடுத்தடுத்தவை. இரு வேறு அரசுகளின் தாய்நில மையங்கள் இவ்வாறு ஒட்டிக் கிடப்பது வேறெங்கும் இல்லை. இவ்விரு நாடுகளும் முதல் நகர்விலேயே ஒருவரையொருவர் நம்பியாக வேண்டும், அல்லது இருவரும் மெலிய வேண்டும்.

முனைவர்ப் பட்ட ஆய்வாளனாக வடமாநில விடுதி ஒன்றில் இருந்த காலத்தில் நான் ஆஸ்திரியாவாக ஆடினேன். இத்தாலியாக ஆடியவர் எனக்கு இளையவர், பொருளியல் மாணவர், தமிழர். மேசையில் எங்களைத் தவிர ஐவர்க்கும் தமிழ் தெரியாது. ஏனையோர் தாழ்வாரத்திற்கு ஒதுங்கிப் பேசியதை நாங்கள் இருக்கையிலிருந்தே பேசினோம். வெனிசுக்கு என்னால் தீங்கில்லை என்று வாக்களித்தேன். அதை நம்பித் தம் கப்பல்களையும் படைகளையும் துருக்கிக்கு எதிராகக் கிழக்கே அனுப்பினார் அவர். 1902 இலையுதிர்காலத்தில் காவலற்ற வெனிசினுள் என் படை நுழைந்தது. ஆணைகள் படிக்கப்பட்டதும் அவர் கேட்டது ஒன்றே: "தமிழ்ல சொல்லிட்டு இப்படிச் செய்யலாமா அண்ணா?" அந்த ஆட்டத்தில் நான் வெல்லவும் இல்லை.

உடன்பாட்டின் எல்லை

அன்று நான் சொல்லிய மறுமொழி எவரும் சொல்லக்கூடியதே: ஏமாற்றலாம் என்று அறிந்தே எல்லோரும் அமர்ந்தோம், ஆகவே எவரும் ஏமாற்றப்படவில்லை. இவ்வாதத்தில் வலு உண்டு. குத்துச்சண்டையில் அடித்தவனை எவரும் வழக்குமன்றத்திற்கு இழுப்பதில்லை. ஆனால் இவ்வாதத்தை முற்றாக ஏற்றால் ஆட்டமே இல்லாமற்போகும். எச்சொல்லும் நம்பத்தக்கதன்று என்று எழுவரும் உறுதியாகக் கொண்டால் எவரும் பேசப்போவதில்லை. வஞ்சகன் மற்றவர்களின் வாய்மையைச் செலவிட்டே வெல்கிறான்.

பொருட்பாலின் கூடாநட்பு அதிகாரம் இங்கு உதவும். போலி நட்பைத் தொடர்ந்து பழித்துவரும் அவ்வதிகாரம், பகைவர் நண்பர்போல் ஒழுகும் காலத்தில் நாமும் முகத்தளவில் நட்புக் காட்டி அகத்தில் விலகலாம் என்னும் கருத்தோடு முடிகிறது. இதனை முரண் என்பாரும் உளர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. அங்கு இசைவு அளிக்கப்படுவது பகை நட்பாக வரும் சூழலுக்கே. இரு தரப்பும் முகநட்பே கொண்டுள்ளன என்பதை அறிந்தவரிடையே அது செல்லும். ஆஸ்திரியாவுக்கும் இத்தாலிக்கும் இடையே அச்சூழல் இருந்தது. வெளியூரில் இரு தமிழரிடையே அது இருந்ததா? அவர் உடன்பட்டது ஆஸ்திரிய வேந்தன் பொய் சொல்லக்கூடும் என்பதற்கு. மொழியுறவு ஒரு காயாக நகர்த்தப்படும் என்பதற்கு அவர் உடன்படவில்லை. அவ்வாறு செய்யலாமா என்று நான் அவரைக் கேட்கவும் இல்லை.

இவ்வேறுபாடு அண்மையில் எதிர்பாராத இடத்தில் மேலெழுந்தது. 2022 நவம்பரில் மெட்டா நிறுவனத்தார் 'சிசரோ' என்னும் செயற்கை நுண்ணறிவுக் கருவியைப் பற்றி 'சயன்ஸ்' இதழில் எழுதினர். இணையவழி நடந்த 40 ஆட்டங்களில், எதிரே இருப்பது கருவி என அறியாத மனிதருடன் பேசி ஆடி, ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்டங்களை ஆடியவருள் முதல் 10 விழுக்காட்டினருள் அது இடம்பெற்றது. பெரும்பாலும் நேர்மையாகவே ஆடுமாறு அதை அமைத்ததாக அவர்கள் கூறினர். 2024இல் வேறு ஆய்வாளர்கள் அதன் உரையாடற் பதிவுகளிலிருந்தே மறுப்புக் காட்டினர். பிரான்சாக ஆடிய அக்கருவி, ஜெர்மனியுடன் கூடி இங்கிலாந்தைத் தாக்கத் திட்டமிட்ட பின் இங்கிலாந்திடம் பாதுகாப்பு வாக்களித்திருந்தது. இது ஆட்டத்திற்குள் நிகழ்ந்த பொய். தேர்ந்த ஆட்டக்காரர் வருத்தப்படார். மற்றொரு செய்தியே என்னை உறுத்தியது. இயக்கம் சற்று நின்றுபோய் மீண்ட பின், எங்கே போயிருந்தாய் என்று ஒருவர் கேட்டதற்குக் காதலியுடன் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்ததாக அது விடையளித்தது. எந்த மையமும் கைமாறாத சிறு பொய் இது. ஆயினும் இதைக் கேட்டவர் அவ்வேளை ஆட்டத்தின் வேந்தனிடம் பேசவில்லை. மேசைக்கு அப்பால் இருப்பதாக அவர் எண்ணிய ஒரு மனிதரிடம் பேசினார்.

பின்னர் இருமுறை அதே மேசையில் அந்த மாணவரும் நானும் ஆடினோம். பேச்சுவார்த்தைக்கு அழைத்தபோதெல்லாம் அவர் என்னிடம் ஆங்கிலத்திலேயே பேசினார். ஆட்டம் முடிந்து உணவுக்கூடத்திற்குச் செல்லும் வழியில்தான் தமிழுக்குத் திரும்பினார்.