ஆமையும் அளவுகோலும்

உயிரொன்றின் உறைவிடத்தை எவருடைய தேவைகொண்டு அளப்பது? ஊவாத் தோட்டங்களின் லயன் அறைகள், குடியிருப்போரின் வாழ்வையன்றித் தோட்டத்தின் தேவையையே அளவாகக் கொண்டு எழுந்தவை. அவ்வநீதியை அறிந்த மண்ணில், வளர்ப்பு ஆமைக்கு அமைக்கும் தொட்டியும் ஓர் அறவினாவே.

வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட செங்காது ஆமை, வாங்கும்போது உள்ளங்கையில் அடங்கும். வளர்ந்தபின் அதன் ஓடு 25 சென்ரிமீற்றர் வரை நீளும். 30 ஆண்டுகளும் வாழக்கூடும். நீந்துதற்கு ஆழமான தூய நீர், ஏறி உலர மேடை, வெயில், பதுளையின் குளிரிரவுகளில் வெம்மை ஆகியன அதற்கு வேண்டும். கண்ணாடிக் கிண்ணம் காண்போரின் வசதிக்கே போதுமானது.

இடம் போதாதபோது அதனைப் பதுளு ஓயாவில் விடுதல் கருணைபோலத் தோன்றும். ஆயின் அயல்நாட்டு ஆமை உள்நாட்டு ஆமைகளின் உணவையும் இடத்தையும் பறிக்கவல்லது. எனவே, முழுவளர்ச்சிக்கேற்ற தொட்டியும் நெடுங்காலப் பராமரிப்பும் தன்னால் இயலுமா என்பதை வாங்குமுன் எண்ணுதல் வேண்டும். இயலாதெனில் வாங்காதிருத்தலே அறமாகும்.